இங்கிலாந்துச் சபையில் லெந்து நாட்களை எல்லாரோடும் சேர்ந்து அனுசரிப்பது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் நான். இப்போது இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, வீட்டுக்குப் பக்கத்து ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குப் போகிறேன். ஊரில் ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து வந்தால் வீட்டில் கறி மீன் கிடையாது, கல்யாணம் கிடையாது. இங்கே ஒருவர் சாக்லேட்டை விட்டேன் என்கிறார், இன்னொருவர் ஒயினை விட்டேன் என்கிறார், அவ்வளவுதான். சேர்ந்து அனுசரிப்பது இங்கே உண்டா?

பதில்: உண்டு சகோதரி. ஆனால் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போனால் அது கண்ணில் படாது. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறு போக மிச்சம்தான் நாற்பது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் உபவாசக் கணக்கில் சேராது. ஊதா நிற விரிப்பு, அல்லேலூயா இல்லாத பாட்டு என்று ஞாயிற்றுக்கிழமையும் லெந்து தெரியும்தான், ஆனால் மனிதர்கள் ஒன்றாக உட்காருவது வாரநாளில்.

இங்கிலாந்துச் சபையின் 1662 ஜெப புத்தகம் லெந்தின் நாற்பது நாளையும் உபவாச நாட்களாகக் குறிக்கிறது, என்ன சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை. அதனால்தான் அங்கே ஆளுக்கொரு விதம். அதே புத்தகம் சாம்பல் புதனின் ஜெபத்தை, படைத்த எதையும் வெறுக்காத தேவனே என்று கூப்பிடுகிற அந்த ஜெபத்தை, லெந்து முழுக்கத் தினமும் சொல்லச் சொல்கிறது. விடுவது தனித்தனியாக, ஜெபிப்பது சேர்ந்து. டியூட்டிக்குக் கிளம்பும்போது நீங்களும் அதைச் சொல்லுங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது.

முதலில் சாம்பல் புதனுக்குப் போங்கள். போன வருஷக் குருத்தோலைச் சிலுவை கையில் இருந்தால் அதற்கு முன்பே ஆலயத்தில் கொடுத்துவிடுங்கள், பல சபைகளில் அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் இடுகிறார்கள்.

அப்புறம் லெந்து மதிய உணவு. பல ஆலயங்களில் வாரம் ஒரு நாள் ஹாலில் சூப்பும் ரொட்டியும் மட்டும் வைத்து, வழக்கமான சாப்பாட்டுக்கு ஆகும் காசை உண்டியலில் போட்டு ஏதாவது உதவிப் பணிக்கு அனுப்புவார்கள். நம் வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைக்கிற பிடியரிசிக் காணிக்கை இருக்கிறதே, அதேதான் இது. நீங்கள் வெறுமனே போய்ச் சாப்பிட்டு வராமல், ஒரு வாரம் சூப் நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். காரம் குறைத்த பருப்பு சூப் எல்லாருக்கும் பிடிக்கும், அதில் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்ப்பார்கள். ஒருவரோடு பேச்சு ஆரம்பிக்க ஆராதனைக்குப் பிந்தைய காபியைவிட அந்த அடுப்படிதான் நல்ல இடம் என்பது என் எண்ணம்.

மாலையில் வேதபாடக் குழுவும் நடக்கும், பக்கத்து மெத்தடிஸ்ட் சபையோடு சேர்ந்துகூட நடத்துவார்கள். ஷிப்ட் மாறி மாறி வந்து எல்லா வாரமும் போக முடியாதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். உங்கள் சபையில் குழுவே இல்லையா? விகாரிடம், அதாவது சபைக் குருவிடம் கேட்டு, உங்கள் வீட்டில் ஒரு மாலை கூடுங்கள், மூன்று பேர் வந்தால் போதும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்காதீர்கள். நோயாளிகள் உங்கள் கையில் இருக்கிறார்கள். உபவாசத்தை லீவு நாளுக்கு மாற்றுங்கள். சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

லெந்தின் நான்காம் ஞாயிறு தாய்மார் ஞாயிறு, பிள்ளைகள் சிறு பூங்கொத்துகள் கொடுப்பார்கள், அன்று அம்மாவுக்கு ஊருக்குப் போன் போடுங்கள். பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் இரவு திருவிருந்து முடிந்து பலிபீடத்தை வெறுமையாக்கியபின், பல சபைகளில் நள்ளிரவு வரை ஆள் மாற்றி ஆள் விழித்திருந்து ஜெபிப்பார்கள். அதற்கு மணிவாரியாகப் பெயர்ப் பட்டியல் இருந்தால் கடைசி ஒரு மணி நேரத்துக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள், மாலை ஷிப்ட் முடிந்து வந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.