கிரவல் குழியும் பொண்ட் காசும்: கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: கரடியனாறுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. அதில் அரை ஏக்கரை கிரவல் எடுக்க ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்தோம். லைசன்ஸ் அவர் பேரில்தான். வேலை முடிந்து ஒரு வருஷமாகியும் பத்தடிக் குழி அப்படியே கிடக்கிறது. மாரியில் தண்ணீர் நிற்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடப் பயம். இப்போது ஒருவர் வந்து, "பொண்ட் காசை உங்களுக்கு எடுத்துத் தாறன், இந்தக் கடிதத்தில கையெழுத்து வையுங்க, செலவுக்குப் பதினையாயிரம் தாங்க" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம், பதினையாயிரமும் வேண்டாம்.

அந்தக் காசு உங்களுடையது அல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டப்படி, காணி உங்களுடையது என்றாலும் அதற்குள் கிடக்கும் கனியம் அரசுடையது. அதனால்தான் சொந்தக் காணியில் வெட்டவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் லைசன்ஸ் வேண்டும். வெட்டியவர் நிலத்தைத் திருத்தாமல் ஓடிவிடக்கூடாது என்று லைசன்ஸ்காரரிடமிருந்து பணியகம் பிடித்துவைக்கும் காசுதான் பொண்ட். திருத்திக் கொடுத்தால் அது லைசன்ஸ்காரருக்குத் திரும்பும். உங்கள் கைக்கு வர வழியில்லாத காசை எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் யாருக்காக வந்திருக்கிறார் என்று யோசியுங்கள்.

அந்தக் கடிதத்தை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். இப்படியான கடிதங்களில் நான் கண்ட வாசகம் அனேகமாக ஒன்றுதான்: "காணி திருப்திகரமாகச் சீர்செய்யப்பட்டுள்ளது, எனக்கு ஆட்சேபனை இல்லை." அது பணியகத்தின் கோவைக்குள் போனால், நாளைக்கு நீங்கள் எழுதும் முறைப்பாட்டை உங்கள் கையெழுத்தே மறுக்கும். கொந்தராத்துக்காரர் காசோடு போவார். குழி உங்களிடம் நிற்கும்.

அடுத்த பொறி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. "அம்மா, காணியை லெவல் பண்ணித் தாறம்" என்று மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தோடு வருவார்கள். வரும்போது டிப்பர் வெறுமையாக வந்து, போகும்போது நிறைந்து போனால் அது சீரமைப்பு இல்லை, இரண்டாவது வெட்டு. மட்டம் என்ற பேரில் மிச்ச மேட்டையும் வழித்துக்கொண்டு போன காணிகளை நான் பார்த்திருக்கிறேன். சீரமைக்க வருகிற டிப்பர் மண் கொண்டு வரவேண்டும், கொண்டு போகக்கூடாது. குப்பையும் உடைத்த கட்டடக் கல்லும் கொண்டுவந்து கொட்டவும் விடாதீர்கள்.

"குழியை முழுக்க நிரப்பித் தருவோம்" என்றாலும் நம்பாதீர்கள். கணக்குப் போடுங்கள். அரை ஏக்கர் என்றால் 21,780 சதுர அடி. ஓரடி கனத்துக்கு மண் போடவே ஏறக்குறைய 218 கியூப் (ஒரு கியூப் என்றால் 100 கன அடி) வேண்டும். டிப்பருக்கு மூன்று கியூப் என்றால் 73 லோட். பத்தடி நிரப்ப 700 லோட்டுக்கு மேல். யார் கொண்டுவரப் போகிறார்கள்? ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு. செங்குத்தாக நிற்கும் கரையைச் சரிக்க வேண்டும், பத்தடி உயரத்துக்கு இருபதடியாவது நீளும் சரிவாக. பெக்கோ ஏறி இறுகிய அடித்தரையைக் கிளறிவிட வேண்டும். பிறகு, ஆரம்பத்தில் வழித்து ஒதுக்கிய மேல்மண்ணை அதன் மேல் பரப்ப வேண்டும். மேல்மண்ணையும் விற்றிருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள், அது இல்லாமல் கிளிரிசீடியாகூடப் பிடிக்காது.

குழியாகவே விடக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு: மாட்டுக்குக் குளமாக வைத்துக்கொள்வது. பலர் கேட்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கிரவல் தரை பெரும்பாலும் தண்ணீரைத் தாங்காது. தையில் கடல்போல நிற்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். போன கோடையில் எந்த மாதம் வற்றியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வைகாசி வரை நின்றிருந்தால் அடியில் களி இருக்கிறது, குளமாக்கலாம். பங்குனியிலேயே காய்ந்திருந்தால் அந்த ஆசையை விடுங்கள். குளம் என்றாலும் ஒரு பக்கமாவது மாடு இறங்கி ஏறச் சரிவு வேண்டும், மற்றப் பக்கங்களுக்கு வேலி வேண்டும், நிரம்பி வழியும் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் பாயாமல் வாய்க்கால் வேண்டும். இதற்குச் சம்மதமா என்று நீங்களே பணியகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கொந்தராத்துக்காரர் வாயால் "குளமா இருக்கட்டும்" என்றால், அவருக்கு டீசல் மிச்சம் என்பதுதான் பொருள்.

பொண்டை எப்போது விடவேண்டும் என்பதற்கு நிலக்கரிச் சுரங்கத்தைப் பாருங்கள். நம் நாட்டில் நிலக்கரி வெட்டுவதில்லை, நுரைச்சோலை மின் நிலையத்துக்குக் கப்பலில்தான் வருகிறது. வெட்டுகிற அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் பொண்டை மூன்று கட்டமாக விடுகிறது. மண் நிரப்பி, வடிகால் போட்டால் 60 வீதம் வரை. பயிர் மூடியபின் இன்னொரு பங்கு. கடைசிப் பங்குக்கு, பயிர் நிலைக்கிறதா என்று மழை உள்ள இடத்தில் 5 வருடம், வறண்ட இடத்தில் 10 வருடம் பொறுக்க வேண்டும். இங்கே? ஆவணியில் காய்ந்து கிடக்கும் குழியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினால், மார்கழியில் அது என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? மாரி கழிந்தபின் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் நிற்கும்போது போட்டோ எடுத்து வையுங்கள்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது: உங்கள் பகுதிக்குரிய பணியக அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில், தமிழிலேயே, "சீரமைப்பு முடியவில்லை, பொண்டை விடுவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி. கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் லைசன்ஸ் இலக்கம், பொண்ட் தொகை, விடுவிப்புக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தபால் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். "கடிதம் கிடைக்கவில்லை" என்பார்கள், அப்போது தேவைப்படும்.