வீணாகாத மருத்துவர்

அன்புள்ள ஐயா,

வியட்நாமைச் சேர்ந்த ஃபாம் ஙோக் தாக் பற்றி அண்மையில் படித்தேன். பாரிஸில் மருத்துவம் பயின்று, சைகோனில் காசநோய் மருத்துவராகப் பெயர் பெற்றவர், 1945இல் அரசியலில் இறங்கி, சுகாதார அமைச்சராகி, 1968இல் தென்பகுதிக் காட்டில் மலேரியாவுக்குப் பலியானார். நல்ல மருத்துவர் ஒருவர் அரசியலால் வீணாகிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய இளைஞர் இயக்கம், அன்று நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியரின் அனுமதியோடு நடந்ததும் உறுத்துகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கி.

அன்புள்ள கி.,

சில வாரங்களாக நானும் அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். முகமறியாத ஒரு மருத்துவரின் சாவுக்கு வருந்தும் மனம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘வீணாகிவிட்டார்’ என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? ஜப்பானியர் விவகாரத்தை விடுங்கள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு அன்றைய சைகோனில் கறைபடாத வழி எதுவும் திறந்திருக்கவில்லை.

நீங்கள் ஒரு கழிப்பறையைப் பற்றிப் படித்திருக்க வேண்டும். வடவியட்நாமின் உழவர்கள் மனிதக் கழிவை ஈரம் காயாமல் வயலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் இட்டுவந்தார்கள்; உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் வயலிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து வயலுக்கும் ஓயாமல் சுற்றிவந்தன. வயிற்றுப்பூச்சி மருந்து கொடுத்தால் குழந்தை சில மாதங்களுக்குத் தேறும், பிறகு பழையபடி வயிறு உப்பும். அரசு ஊர் ஊராகப் பரப்பிய இரட்டைத் தொட்டிக் கழிப்பறையில், தரைக்கு மேலே அருகருகே இரண்டு தொட்டிகள் இருக்கும். சிறுநீர் தனிச்சாலில் வழிந்து வெளியே ஒரு பானையில் சேரும். ஒவ்வொரு முறையும் ஒருபிடி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதை அடைத்துப் பூசிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். இரண்டு மாதம் போலக் கழித்துத் திறந்தால், நாற்றம் குறைந்த உலர்ந்த உரம் கிடைக்கும். புழு முட்டைகளில் பெரும்பாலானவை அதற்குள் செத்திருக்கும்.

இதை எந்த மருந்துச் சீட்டில் எழுதித் தருவீர்கள்? விதைப்புக்கு உரம் வேண்டி நிற்கும் உழவரை இரண்டு மாதம் காத்திருக்கச் சம்மதிக்க வைக்க வேண்டும், கூட்டுறவுப் பண்ணை அதை ஏற்க வேண்டும், செங்கல்லும் சுண்ணாம்பும் ஊருக்கு வந்துசேர வேண்டும், ஊருக்கொரு சுகாதார நிலையமும் அதில் ஆளும் இருக்க வேண்டும். இவை அத்தனையும் அரசியல். கிணறு, குளியலறை, கழிப்பறை ஆகிய மூன்றையும் வீடுதோறும் கொண்டுசேர்ப்பதை ஓர் அரசின் தலையாய வேலைகளில் ஒன்றாக்கிய அமைச்சரை, சைகோனில் நோயாளிகளை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரைவிடச் சிறியவராக எண்ணுவது நம் படித்த வர்க்கத்தின் பழைய நோய். கத்தியும் கையுமாக நிற்பவரை மட்டுமே மருத்துவர் என்று நம்பி வளர்ந்திருக்கிறோம்.

காட்டு மரணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுடனான வியட்நாம் போரில் மலேரியா படைகளைக் குண்டுகளுக்கு நிகராக முடக்கியது. மலேரியாவுக்கு அன்று வழக்கமாகக் கொடுத்த குளோரோகுயின் மருந்து பல இடங்களில் கேட்காமல் போயிருந்தது. ஹனோயிலிருந்த வடவியட்நாம் அரசு உதவி கேட்டதன் பேரில் சீனாவில் 1967 மே 23 அன்று தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்துதான் பிற்பாடு ஆர்ட்டெமிசினின் என்ற புதிய மலேரியா மருந்து கிடைத்தது. அதற்குள் தாக் தாமே தெற்கே போய், நோய் இருந்த இடத்திலேயே அதை ஆராய முற்பட்டு, 1968 நவம்பர் 7 அன்று தமது 59ஆம் வயதில் அதற்கே இரையானார். அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே அவர் மருத்துவராகத்தான் செத்தார், கி. 1958 முதல் அவர் அமைச்சராக இருந்த பத்தாண்டுகளைப் படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.