ஒத்தே அசைந்தால்?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், 'மை ப்ளடி வேலன்டைன்' குழுவின் 'லவ்லெஸ்' என்ற ஆல்பத்தை ராக் இசையின் பெரும் சாதனை என்கிறான். கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த எனக்கோ, வெயிலில் கிடந்த கேசட் ஓடுவதுபோல் இருக்கிறது. பாட்டின் சொற்களும் விளங்கவில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?
- வாசகர், திருவாவடுதுறை

பதில்: வெயிலில் கிடந்த கேசட் என்று சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அந்த நெளிவில்தான் ஆல்பத்தின் உயிர் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கிதார்கள் சிலவற்றில், தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் சுருதியை ஏற்றி இறக்கும் ஒரு சிறு கைப்பிடி உண்டு, ட்ரெமலோ என்பார்கள். பெரும்பாலோர் மீட்டி முடித்த பிறகு ஓர் அலங்காரமாகவே அதை அசைப்பார்கள். இக்குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் அந்தப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டே மீட்டினார். அதனால் பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு முழுவதும் ஒவ்வொரு மீட்டலிலும் நழுவுகிறது. தந்திக்குத் தந்தி அந்த நழுவல் சற்றே வேறுபடுவதால், ஒலிகள் ஒன்றோடொன்று உரசி அலையடிக்கின்றன.

உங்கள் ஊர் நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தில் காந்தார சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, சுரங்களுக்கு இடையில் இருப்பதும் இசைதான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதை, நம் இசையில் சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம் என்று சொல்லிவிட முடியாது. கமகத்துக்கு ராகத்தின் இலக்கணம் உண்டு. மேலும், நாகஸ்வரம் எவ்வளவு வளைந்தாலும் பக்கத்தில் சுருதிக்காக ஒரே சுரத்தை ஊதும் 'ஒத்து' என்ற வாத்தியம் அசையாமல் நிற்கிறது. 'லவ்லெஸ்'ஸில் அந்த ஒத்தே அசைகிறது. கால் ஊன்ற இடமில்லாத அந்த நிலையைத்தான் நீங்கள் கேசட்டின் கோளாறாக உணர்ந்தீர்கள். ராக் இசையில் அதையே ஓர் ஆல்பத்தின் அடித்தளமாக்கிக் காட்டியதைத்தான் நான் சாதனை என்று மதிக்கிறேன்.

சொற்கள் விளங்காததும் திட்டமிட்டதே. ஷீல்ட்ஸும் பிலிண்டா புட்சரும் தணிந்த குரலில் பாட, அக்குரல்கள் கிதாருக்கு மேலே நிறுத்தப்படாமல் அதனுள்ளேயே கரைக்கப்பட்டன. சாகித்யத்தைத் தேடாமல், குரலையும் ஒரு வாத்தியமாகக் கேளுங்கள்.

டப்ளினில் தோன்றிய இக்குழு, 1989 முதல் 1991 வரை ஸ்டூடியோ மாற்றி ஸ்டூடியோவாக அலைந்து இந்த 11 பாடல்களைப் பதிவு செய்தது. 1991 நவம்பரில் கிரியேஷன் என்ற சுயேச்சை நிறுவனம் அவற்றை வெளியிட்டது. கிதார் இரைச்சலுக்குள் குரலைக் கரைக்கும் 'ஷூகேஸ்' எனப்படும் ராக் பாணிக்கு இன்றும் இதுவே உரைகல்; குழுவின் அடுத்த ஆல்பம் 2013இல்தான் வந்தது.

மகனிடம் நான்காம் பாடலை மட்டும் போடச் சொல்லுங்கள். அதில் தாளம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சிறிய போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அவனுடைய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் நிமிடத்துக்குள் அந்த இரைச்சலின் அடியில் ஓர் இன்னிசை மிதந்து வருவதைக் கேட்பீர்கள்.