சிகரெட் கறைச் சுவர்: பெயிண்டரிடம் கேளுங்கள்

கேள்வி: வாடகை வீடு. முன்பு இருந்தவர் சிகரெட் பிடிப்பாராம். சுவருக்கு இரண்டு கோட் எமல்ஷன் அடித்தும் மஞ்சள் மேலே வந்துவிட்டது. ஏன்?

பதில்: கழுவாமல் அடித்ததுதான் காரணம். பழைய காலண்டரைக் கழற்றினால் அந்தச் சதுரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்திருக்குமே, மற்ற இடமெல்லாம் தாரும் நிகோட்டினும் சேர்ந்த பிசுக்கு. எமல்ஷனில் உள்ள தண்ணீர் அதைக் கரைத்து மேலே கொண்டுவந்துவிடும்.

முதலில் கையுறை போடுங்கள். நிகோட்டின் தோல் வழியாகவும் இறங்கும். ஒரு வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து, கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலே தொடங்கினால் காய்ந்த சுவரில் பழுப்புத் தண்ணீர் வழிந்து கோடு விழும், அதை எடுப்பது பெரும்பாடு. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டர்பன்டைன் கலக்கும் பிரைமர் ஒரு கோட். தண்ணீர் கலக்கும் பிரைமர் வேண்டாம். அதற்கு மேல்தான் எமல்ஷன். டிஸ்டெம்பர் சுவர் என்றால் தேய்க்கும்போதே கரையும், மொத்தமாகச் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: பிளீச்சிங் பவுடரில் வினிகர் கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: சாம்பிராணி போட்டால் வாடை போய்விடும் என்கிறார்களே?

பதில்: மறையும், போகாது. அதுவும் புகைதானே, சுவரில் இன்னொரு படலம்.

கேள்வி: பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள்.

பதில்: பூஜைக்குப் போடுங்கள், நானும் போடுகிறேன். சிகரெட் பிசுக்குக்கு மருந்தாகப் போடாதீர்கள் என்கிறேன். வாடை தெரியாவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்து குழந்தையைத் தவழ விடுவோம். சுவரில் படிந்த நிகோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறுவதை 2010இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் காட்டினார்கள். அந்த நைட்ரஸ் அமிலம் கேஸ் அடுப்பு எரியும்போதும் வருவதுதான். ஆகவே வாடையை விடுங்கள், பிசுக்கை எடுங்கள்.

கேள்வி: ஃபேன், ஏசி?

பதில்: மெயினை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். ஏசிக்கு மெக்கானிக்.

கேள்வி: பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சைச் சாறு கொஞ்சமாக...?

பதில்: மேலே சொன்னதுதான். புளிப்பு எதுவும் வேண்டாம். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் வேண்டாம்.

கேள்வி: துணி சோபா?

பதில்: பஞ்சுவரை இறங்கியிருக்கும். குஷன் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.