பதில்: புள்ளி வித்தியாசம் அதிகம், ஆனாலும் 3-ஆம் இடம் ஏன்?

வணக்கங்க. 16 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து தகுதிச் சுற்றுல உங்க மகளோட அணியும் இன்னும் 2 அணிகளும் தலா 2 வெற்றி, 1 தோல்வி. நாலாவது அணியை 60 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சும் 3-ஆம் இடம் ஏன்னு கேட்டிருந்தீங்க. படிச்சப்ப எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு. ஆனா கணக்குல தப்பில்லை.

ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து கூட்டமைப்பு) விதிப்படி, சமநிலையில இருக்கிற அணிகள் தங்களுக்குள்ள ஆடின ஆட்டங்களை மட்டும்தான் முதல்ல பார்ப்பாங்க. அந்த 60 இங்க சேராது. அதுலயும் மூணு அணிக்கும் தலா 1 வெற்றி, 1 தோல்விங்கிறதால, அந்த ஆட்டங்களோட புள்ளி வித்தியாசம்தான் கணக்கு. நீங்க சொன்ன ஸ்கோர்படி உங்க அணி ஒண்ணுகிட்ட 15-ல தோத்து, இன்னொண்ணை 6-ல ஜெயிச்சது: மைனஸ் 9. உங்களை ஜெயிச்ச அணி மத்ததுகிட்ட 4-ல தோத்ததால பிளஸ் 11. மூணாவது அணி மைனஸ் 2. அதுவும் சமமா இருந்தா, அதே ஆட்டங்கள்ல போட்ட மொத்தப் புள்ளி. அதுக்கப்புறம்தான் குரூப்போட எல்லா ஆட்டமும்.

அந்தத் தோல்வி 7 புள்ளியோட நின்னிருந்தா மைனஸ் 1, நீங்க 2-ஆம் இடம். அதனாலதான் தோக்கிற ஆட்டத்துலயும் கடைசி நிமிஷத்துல கோச் டைம் அவுட் எடுத்து ஒரு மூணு புள்ளி ஷாட்டுக்குப் போராடுவாங்க. பிள்ளைங்ககிட்ட இதைப் போட்டிக்கு முன்னாடியே சொல்லணும். உங்க மகள்கிட்ட இந்தக் கணக்கைப் பேப்பர்ல போட்டுக் காட்டுங்க.