வாசகர் கேள்வி–பதில்: அகொன்யியின் தனியாட்டம்

கேள்வி: காலனியாதிக்கத்திலிருந்து விடுபடுவது ஒரு மக்கள் கூட்டமே திரண்டு செய்யும் காரியம். அப்படியிருக்க, மேடையில் ஒருவர் மட்டும் நின்று ஆடிப் பேசுவதை விடுதலைக் கலை என்று எப்படிக் கொள்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடி இறங்கிய பிறகும் வீட்டுக்குள் தங்கிவிடும் ஆதிக்கம் உண்டு. செனகலின் நடனக் கலைஞர் ஜெர்மேன் அகொன்யி, 1944இல், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பெனினில் பிறந்தவர். அவருடைய பாட்டி, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் மரபில், வோடூன் என்னும் பழைய வழிபாட்டுத் தெய்வங்களுக்குப் பூசை செய்தவர்; அந்தப் பாட்டி பெற்ற மகனான அகொன்யியின் தந்தையோ கத்தோலிக்கராகி, பிரெஞ்சு நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவர். தாய்க்கும் மகனுக்கும் நடுவே விழுந்த இந்தப் பிளவைத்தான், 2015இல் அரங்கேறிய 'தொடக்கத்தின் ஓரிடத்தில்' என்னும் தனிநபர் நாடக நடனத்தில், தந்தையின் எழுத்தைத் துணைகொண்டு பேத்தி ஆடிக் காட்டினார். தந்தைக்கும் பாட்டிக்கும் வேறு நடிகர்களைப் போட்டிருந்தால், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போயிருப்போம். அதிகாரியின் மகளும் பூசாரியின் பேத்தியும் ஒருவரே என்பதால், அவருக்கு அந்த வசதி இல்லை. ஒருவரை ஒதுக்கினால் தன்னில் பாதியை ஒதுக்கியதாகும். இந்தச் சிக்கலை வேறொருவர் அவருக்காக ஆடித் தீர்க்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஒலிவியே துபுவா அவருக்காக அமைத்த இன்னொரு தனியாட்டத்தையும் சொல்ல வேண்டும். பலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம்பெண் ஆடி ஆடியே உயிர்விடும் கதைக்காக ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய இசையில், எழுபது வயதை எட்டிய அகொன்யி சுங்கான் புகைத்தபடி நின்று, காலனியத்தைச் சாடி மார்த்தினிக் தீவின் கவிஞர் எய்மே செசேர் எழுதிய வரிகளை உரக்கச் சொல்கிறார். பலிப்பெண்ணின் இடத்தில் நிற்பவர் வாய் திறந்து குற்றம் சாட்டுவது, நூற்றாண்டு கடந்த அந்த இசையையே வேறாகக் கேட்கவைக்கிறது.

கேள்வி: அப்படியானால் அவர் ஐரோப்பிய நடனத்தை அறவே விலக்கிவிட்டாரா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. பாரிஸில் பயின்றவர் அவர். செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோரும் பிரெஞ்சு நடன அமைப்பாளர் மொரிஸ் பெஜாரும் செனகலின் தலைநகர் டக்காரில் நிறுவிய முத்ரா ஆஃப்ரிக் நடனப் பள்ளியை 1977 முதல் 1982 வரை நடத்தியவரும் அவரே. ஆனால் ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலே நிமிர்த்திப் பிடிக்கும் முதுகெலும்பை, அவருடைய முறை பாம்பாக நெளியவிடுகிறது. மார்பைச் சூரியனாகவும் பிட்டத்தைச் சந்திரனாகவும் கொண்டு அசைவுகளை அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது. செனகலின் தூபாப் ஜலாவ் கிராமத்தில் அவர் நிறுவிய 'மணற்பள்ளி' என்னும் நடனப் பள்ளிக்கு, ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து இதைக் கற்கிறார்கள்.