கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா?

மதுரையிலிருந்து குடும்பத்தோடு மார்கழியில் கொடைக்கானல் செல்லவிருப்பதாகவும், குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளேயே நிலக்கரி அடுப்பு எரிவதுபோல் நாமும் அறையில் கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது.

குளிர்நாடுகளிலுள்ள அடுப்பு வார்ப்பிரும்பால் ஆன மூடிய பெட்டி. அடியிலுள்ள கம்பித்தட்டின் வழியே காற்று நுழைந்து கரியை எரிக்க, உண்டாகும் வாயு புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும், இரும்பின் சூடு மட்டுமே அறைக்குள் தங்கும். கொதிகலன் வைத்த வீடுகளில் வெந்நீர்தான் குழாய்களில் ஓடி அறைகளைச் சூடாக்குகிறது.

இஸ்திரி வண்டிக்காரர் போடுகிற கரியைச் சட்டியில் அள்ளி வைத்தால் வாயு வெளியேற வழியே இல்லை. மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்து கனலும் கரி புகையாததால் ஆபத்தில்லை என்று தோன்றும். உண்மையில், காற்று போதாமல் கனலும் அந்த நிலையில்தான் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிப்படுகிறது. நிறமும் வாசமும் அற்ற அவ்வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைந்துகொள்வதால், தலைவலியும் குமட்டலும் உணருமுன்பே உறங்குபவர் மயங்கிவிடக்கூடும். சாம்பிராணிப் புகையாவது இருமவைத்து எழுப்பும். சன்னலைச் சற்றே திறந்து வைப்பதையும் நம்ப வேண்டாம். கம்பளியும் மின்சூடேற்றியும் போதும். நெருப்பு மூட்டியே ஆகவேண்டுமென்றால் வெளியே மூட்டுங்கள், அணையாத கரியை இரவில் உள்ளே கொண்டுவராதீர்கள்.